தொண்டு நிறுவனங்களைக் கேட்டு எடுக்கும் குடும்ப வன்முறைக் கணக்கை நம்பலாமா?

கேள்வி கேட்டவர் சொல்வதன் சுருக்கம்: இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான குடும்ப வன்முறைப் புள்ளிவிவரங்களைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் (ஓஎன்எஸ்) வெளியிடுகிறது. அதைத் தயாரிக்கும்போது விமன்ஸ் எய்ட், ரெஃப்யூஜ், சேஃப்லைவ்ஸ் போன்ற தொண்டு நிறுவனங்களோடு கலந்து பேசுகிறது. பிரச்சினை பெரிது என்று காட்டினால்தானே அவர்களுக்கு நிதி வரும், அப்படியானால் அந்த எண்ணை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். ஆனால் "எத்தனை பேர்?" என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. யாரிடம் கேட்க வேண்டும், எந்தச் சொல்லில் கேட்க வேண்டும், இப்போதைய முறையில் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

நான் கிழக்கு லண்டனில் ஒரு சிறிய அமைப்புக்கு ஆறு வருடமாகத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்து கொடுக்கிறேன். உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழ்ப் பெண்கள். படிவத்தின் தொடக்கத்திலேயே "அடித்தாரா?" என்று இருக்கும். "இல்லை அக்கா, அவர் ஒருநாளும் கை வைச்சதில்லை" என்று பதில் வரும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கைச்செலவுக்குக் காசு எப்படி என்று கேட்டால் வேறு கதை வரும். "பாங்க் காட் அவரிட்டத்தான் இருக்கு. கடைக்குப் போனா பில் காட்டோணும். அம்மாவோட கதைக்கேக்க ஸ்பீக்கர்ல போடோணும்." (ஒருவர் சொன்னது அல்ல, பலர் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.) படிவத்தை மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு "இல்லை" என்று குறித்து அனுப்பியிருப்போம்.

நாட்டின் கணக்கிலும் இதே சிக்கல்தான். முக்கியமான மூலம், வீடு வீடாகப் போய் எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பு. குடும்ப வன்முறைப் பகுதி வரும்போது, வந்தவர் லேப்டாப்பை நம் பக்கம் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், நாமே படித்து நாமே குறிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் திரையில் இருக்கும் கேள்வி சரியாக இருந்தால்தான் இது பயன்படும்.

ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கி வைப்பது 2015 டிசம்பர் முதல் இங்கே குற்றம். பணத்தால் முடக்குவதும் குடும்ப வன்முறைதான் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே சொல்லிவிட்டது. கணக்கெடுப்பின் கேள்விகள் அதே வேகத்தில் மாறவில்லை. 2017 ஏப்ரலில் தொடங்கி இரண்டு ஆண்டு புதுக் கேள்விகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவை போதாது என்று ஓஎன்எஸ்ஸே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் வேலையைக் கொடுத்து மறுபடியும் தொடங்கியது. ஒரு அரசுத் துறை "இது சரிவரவில்லை" என்று எழுதி வெளியிடுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

பழைய கேள்விகளின்படி 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் சுமார் 23 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் சுமார் 16 லட்சம் பெண்கள், 7 லட்சம் ஆண்கள். பிரிஸ்டல் ஆய்வாளர்களோடு மறுபடியும் உருவாக்கிய புதுக் கேள்விகளின்படி அடுத்த ஆண்டுக்குச் சுமார் 38 லட்சம் பேர். ஒரே வருடத்தில் வன்முறை இவ்வளவு கூடிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அளவுகோல் வேறு, அதனால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது. முன்பு "இல்லை" என்று குறித்தவர்களுக்கு இப்போது தங்கள் வாழ்க்கை தெரிகிற கேள்வி கிடைத்திருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

வயது விஷயமும் எனக்கு ஆறவே இல்லை. 2017 வரை இந்தக் கேள்விகளை 59 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்கவே மாட்டார்கள். பிறகு 74 ஆக்கினார்கள். 2021 அக்டோபரில்தான் உச்ச வரம்பை எடுத்தார்கள். நாற்பது வருடம் ஒருவரிடம் அடி வாங்கிய அம்மா அறுபதாம் பிறந்தநாளோடு கணக்கிலிருந்து மறைந்துபோவார். ஏஜ் யூகே போன்ற முதியோர் அமைப்புகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த விஷயம் இது. இதைச் சாய்வு என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, பேராசிரியர் சில்வியா வால்பியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப நடக்கும் குற்றத்தை, பொதுவான வன்முறைக் குற்றக் கணக்கில் ஐந்து தடவையோடு நிறுத்திவிடுவார்கள். ஐம்பது தடவை அடி வாங்கியிருந்தாலும் ஐந்துதான். ஓரிரு பேரின் பதிலால் எண்கள் வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஏறி இறங்கக் கூடாது என்பது காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப அடி வாங்குவது யார்? பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் பெண். கருத்துக் கேட்பு நடத்தி, 2019 ஜனவரியில் அந்த ஐந்தைக் கைவிட்டு, எத்தனை தடவை வரை எண்ணுவது என்பதை எல்லோருடைய பதில்களின் பரவலை வைத்து முடிவு செய்யும் முறைக்கு மாறினார்கள்.

வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்புக்கு எட்டாத இடங்களும் உண்டு. காப்பகத்தில் இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். தோழியின் வீட்டு சோபாவில் படுத்திருப்பவரும் நடைமுறையில் வரமாட்டார். அங்கேதான் தொண்டு நிறுவனங்களின் பதிவேடுகள் கைகொடுக்கின்றன. காப்பகங்களில் எத்தனை இடம் காலி என்ற விவரம் விமன்ஸ் எய்ட் அமைப்புகளிடம் இருக்கிறது, தேசிய ஹெல்ப்லைன் அழைப்புகள் ரெஃப்யூஜிடம், ஆண்களுக்கான உதவி எண்ணின் விவரம் ரெஸ்பெக்ட் அமைப்பிடம். 2014இல் காவல்துறையை ஆய்வு செய்யும் அமைப்பு, போலீஸ் வைத்திருக்கும் குடும்ப வன்முறைத் தரவு மோசம் என்று எழுதிய பிறகுதான் எல்லா மூலத்தையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை வேகம் பிடித்தது. அப்படிச் சேர்த்த முதல் தொகுப்பு 2016 டிசம்பரில் வந்தது.

சரி, இவர்களின் எண்ணை ஓஎன்எஸ் அப்படியே வாங்கிப் போட்டுவிடுகிறதா? கோவிட் காலத்தைப் பாருங்கள். வீட்டுக்குப் போக முடியாததால் கணக்கெடுப்பு போனுக்கு மாறியது. பக்கத்தில் கணவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து என்று குடும்ப வன்முறைக் கேள்விகளையே நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது போலீஸ் பதிவும் ஹெல்ப்லைன் பதிவும். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை தேசிய ஹெல்ப்லைனுக்கு வந்த தொடர்புகள் முந்தைய மூன்று மாதத்தைவிட 65 சதவீதம் அதிகம். அந்த எண்ணை வெளியிட்ட அதே அறிக்கையில் ஓஎன்எஸ் எழுதியது: உதவி கேட்பது கூடியதால் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது என்று ஆகாது, ஏற்கெனவே நடந்த வன்முறை கடுமையாகி, சமாளிக்க இருந்த வழிகள் அடைபட்டதும் காரணமாக இருக்கலாம். நிதி திரட்டுபவருக்குப் பிடித்த வாக்கியம் இல்லை அது.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. வெளியீட்டுக்கு முன்பே அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எண்களைக் காட்டும் வழக்கத்தை ஓஎன்எஸ் 2017 ஜூலையில் நிறுத்திவிட்டது. அமைச்சருக்கே காட்டாத முடிவைத் தொண்டு நிறுவனம் உட்கார்ந்து திருத்த வாய்ப்பில்லை.

என் வருத்தம் வேறு. மேஜையில் இடம் கிடைப்பது கொள்கைப் பிரிவு வைத்திருக்கும் பெரிய அமைப்புகளுக்கு. எங்களைப் போன்ற இடத்தில் கருத்துக் கேட்பு ஆவணத்தைப் படித்துப் பதில் எழுத ஆள் இல்லை. அன்றைக்கு யாருக்குப் படுக்கை தேடுவது என்பதே பெரும்பாடு. கணவரின் விசாவை நம்பி வந்தவர், அரசு உதவி எதுவும் பெற உரிமை இல்லாதவர், ஆங்கிலக் கேள்வி புரியாதவர், இவர்கள் எப்படி விடுபடுகிறார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். எழுதி அனுப்பச் சொல்வதோடு நிற்காமல், புள்ளியியலாளர்கள் ஒருநாள் நேரில் வந்து எங்கள் அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நீங்கள் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருந்து, குற்றக் கணக்கெடுப்புக்கு உங்கள் முகவரி தேர்வாகியிருக்கிறது என்று கடிதம் வந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். லேப்டாப் உங்கள் பக்கம் திரும்பும்போது, வீட்டில் மற்றவர்களைக் கொஞ்ச நேரம் அடுத்த அறையில் இருக்கச் சொல்லுங்கள்.