இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு: காரத்தின்மேல் பழி வேண்டாம், இனிப்புக் கஞ்சியைக் கவனியுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் இரைப்பை அறுவை சிகிச்சை தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதுரையில் அறுவை வார்டில் உணவு ஆலோசகராக இருந்த காலம் முழுக்க, நம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். ஓய்வுபெற்றுக் காரைக்குடிக்கு வந்த பிறகும் வாசலுக்கு வந்து கேட்கிறார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 61. புற்றுநோய் என்று இரைப்பையை முழுக்க எடுத்து எட்டு மாதம் ஆகிறது. காரம், புளி எல்லாம் நிறுத்திவிட்டேன். காலையில் கருப்பட்டி போட்ட சத்துமாவுக் கஞ்சி, பதினோரு மணிக்குச் சாத்துக்குடி ஜூஸ், மத்தியானம் ரசஞ்சாதத்தைக் கரைத்துக் கொடுக்கிறேன். குடித்து இருபது நிமிஷத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு கடமுடவென்று உருட்டி, கழிப்பறைக்கு ஓடுகிறார். அப்புறம் எழ முடியாமல் படுத்துவிடுகிறார். இசிஜி எடுத்துப் பார்த்தோம், இதயத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். எடையும் இறங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் எதை நிறுத்த வேண்டும் ஆச்சி?
*பெயர் வேண்டாம், தேவகோட்டை*

பதில்: நிறுத்த வேண்டியது அந்தக் கருப்பட்டிக் கஞ்சியையும் ஜூஸையும்தான் அம்மா. நீங்கள் நிறுத்திய மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள்.

நம் ஊர்க் கண்மாய்க்கு மடை இருப்பதுபோல இரைப்பையின் கீழ்வாயில் ஒரு தசை வளையம் உண்டு. சாப்பிட்டதை மேலே தேக்கிவைத்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் திறந்துவிடும். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது கண்மாயும் இல்லை, மடையும் இல்லை. இனிப்பும் தண்ணீருமாகக் குடித்தது அப்படியே சிறுகுடலில் போய் விழுகிறது. அந்தச் சர்க்கரைச் செறிவைக் குறைக்க, குடல் ரத்தத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. ரத்த ஓட்டத்தில் நீர் குறைந்ததும் இதயம் வேகமாக அடிக்கிறது, வேர்க்கிறது, தலை சுற்றுகிறது. நீர் நிறைந்த குடல் உப்பி, உருட்டி, வயிற்றுப்போக்காகத் தள்ளிவிடுகிறது. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிஷத்துக்குள் இது வரும். டாக்டர்கள் ‘டம்பிங் சிண்ட்ரோம்’ என்பார்கள். இசிஜியில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சிதான். காய்ச்சலுக்கு அது சரி. இரைப்பை இல்லாதவருக்கு இனிப்புக் கஞ்சி, ஜூஸ், தேன் கலந்த தண்ணீர், குளுக்கோஸ் எல்லாமே தொந்தரவு. பழி மட்டும் மிளகாய்மேல் விழுகிறது. வார்டில் எத்தனையோ பேர், மீன் குழம்பை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிப் பாலில் வாழ்ந்து எலும்பும் தோலுமாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். காரம் சிலருக்கு வயிற்றை எரிக்கலாம், அவர்கள் குறைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எழுதியிருக்கும் வேர்வைக்கும் படபடப்புக்கும் காரணம் அது இல்லை.

நாளை காலை இப்படித் தொடங்குங்கள். ஏழு மணிக்கு ஒரு இட்லி, ஒரு அவித்த முட்டை, கெட்டியான பருப்புத் துவையல் ஒரு ஸ்பூன். முட்டையை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், இட்லி அப்புறம். கூடவே காப்பியோ தண்ணீரோ வேண்டாம். காப்பி வேண்டுமென்றால் அரை மணி நேரம் கழித்து, சர்க்கரை இல்லாமல், சின்ன டம்ளரில். ஒன்பதரைக்கு ஒரு கைப்பிடி பாசிப்பயறுச் சுண்டல். பன்னிரண்டு மணிக்குக் கெட்டியாகப் பிசைந்த சோறு இரண்டு கைப்பிடி, மீனோ கோழியோ இரண்டு துண்டு, வெண்டைக்காய் மண்டி ஒரு கரண்டி. நாலு மணிக்கு, ஏழு மணிக்கு, படுக்கப்போவதற்கு முன்னால் என்று ஆறு தடவையாகப் பிரித்துவிடுங்கள். தட்டு சின்னதாக இருக்கட்டும். பெரிய இலையில் இரண்டு கைப்பிடிச் சோற்றைப் பார்த்தால் அவருக்கும் மனசு சுருங்கும், பரிமாறுகிற உங்களுக்கும் கை நிற்காது.

தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும், ஆனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலோ பின்னாலோ, மடக்கு மடக்காக. ஒவ்வொரு வாயையும் விழுதாகும்வரை மெல்ல வேண்டும். அரைக்கிற வேலை முழுக்க இனி பல்லுக்குத்தான்.

சாப்பிட்டதும் இருபது நிமிஷம் சாய்ந்துகொள்ளட்டும், உணவு இறங்குகிற வேகம் குறையும். மட்டமாகப் படுக்க வேண்டாம். இரைப்பையை முழுக்க எடுத்தவர்களுக்குப் பித்தநீர் தொண்டைவரை ஏறிக் கசக்கும். முதுகுக்கும் தலைக்கும் அண்டை கொடுத்துச் சாய்வாக இருக்கட்டும்.

எடை பற்றி. ஆபரேஷனுக்குப் பிந்திய முதல் மாதங்களில் எடை குறைவது வழக்கம். எட்டு மாதத்துக்குப் பிறகும் இறங்குகிறது என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். மலம் வெளிறி, எண்ணெய் மினுமினுப்போடு, கழுவினாலும் போகாமல் மிதக்கிறதா என்று பார்த்து அதையும் சொல்லுங்கள். கொழுப்பு செரிக்காததன் அடையாளம் அது. சாப்பாட்டோடு விழுங்குகிற கணைய நொதி மாத்திரை கொடுப்பார்கள், சிலருக்கு நல்ல பலன் தெரியும்.

கேள்வி: எனக்கு 47 வயது, பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அல்சர் ஓட்டையாகி இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டவுடன் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, கண் இருட்டி, அகோரமாகப் பசிக்கிறது. போன வாரம் வண்டியில் போகும்போதே வந்து, ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். வெறும் வயிற்றில் சுகர் பார்த்தால் நார்மல்.
*ஒரு வாசகர், காரைக்குடி*

பதில்: வெறும் வயிற்றில் பார்த்தால் நார்மலாகத்தான் இருக்கும். நடுக்கம் வரும் அந்த நேரத்தில் பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டரைக் கல்லாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே காட்டினால், இது அதே டம்பிங்கின் இரண்டாவது முகம். சோறும் இனிப்பும் வேகமாகக் குடலுக்கு இறங்கி, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. அதைப் பார்த்துக் கணையம் இன்சுலினைத் தேவைக்கு மேல் சுரந்துவிடுகிறது. சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தரைதட்டுகிறது.

வந்துவிட்டால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். சரியானதும் கொஞ்சம் வேர்க்கடலையோ சுண்டலோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் இறங்கும். சர்க்கரையால் வந்ததற்குச் சர்க்கரையா என்று கேட்பீர்கள். அந்த நிமிஷத்துக்கு மட்டும் அதுதான் மருந்து. தினமும் இதையே செய்துகொண்டிருக்கக் கூடாது. வராமல் தடுப்பது, மேலே தேவகோட்டை அம்மாவுக்குச் சொன்ன சாப்பாட்டு முறைதான். அதிலும் நிற்கவில்லை என்றால் அகார்போஸ் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்துக் கொடுப்பார். அதுவரை சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்கு வண்டி ஓட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 74 வயது. இளவயதில் அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். இப்போது பாதம் மரத்துப்போகிறது, நாக்கு எரிகிறது, நடை தள்ளாடுகிறது, மறதியும் கூடிவிட்டது. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வயசுக்கோளாறுதான் என்கிறார் அம்மா. நான் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன்.
*ஒரு மகள், சொந்த ஊர் பள்ளத்தூர்*

பதில்: வயசுக்கோளாறு என்று ஒதுக்காதீர்கள். இந்த வாரமே வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பி12-ஐக் குடல் உறிஞ்ச, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வேண்டும். இரைப்பையை முழுக்க எடுத்தால் அந்தப் புரதமே இல்லை. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு 3 முதல் 5 வருஷம்வரை தாங்கும். பாதி எடுத்தவர்களுக்குப் பற்றாக்குறை மெதுவாக, பல வருஷம் கழித்துக்கூட வரும், அதனால் ஆபரேஷனை யாரும் நினைப்பதே இல்லை. ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறியதுபோல் காட்டும், ஆனால் நரம்பு கெடுவது உள்ளே நடந்துகொண்டே இருக்கும். குறைவு என்று தெரிந்தால் ஊசி போடுவார்கள், முதலில் அடிக்கடி, பிறகு ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆயுள் முழுக்க. சீக்கிரம் தொடங்கினால் மரமரப்பு குறையும். தாமதித்தால் போன நரம்பு முழுசாகத் திரும்பாது.

எலும்பையும் பாருங்கள். கால்சியம் கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும். உங்கள் அப்பச்சி போன்றவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் நல்லது, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்க வேண்டாம், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடட்டும். இரும்பைக் காப்பியோடு சாப்பிட்டால் அது உடம்பில் ஒட்டாது.

எங்கள் அப்பச்சிக்கும் 1970-களில் இதே ஆபரேஷன்தான். அந்தக் காலத்தில் அல்சருக்குக் காரணம் காரமும் கவலையும் என்றார்கள், வெட்டி எடுப்பது வழக்கமாக இருந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான், பெரும்பாலான அல்சர்களுக்கு மருந்தே போதும் என்று ஆனது. 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பச்சி சாப்பிட்ட கையோடு பட்டாலையில் போய்ச் சாய்ந்துவிடுவார்கள். வேலைக்கு அலுப்புப்படுகிறான் என்று பெரியவர்கள் ஏசுவார்கள். அவர்களுக்கு வந்தது டம்பிங் என்று நான் படித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. சொல்லிப் புரியவைக்க அப்போது பெரியவர்கள் யாரும் இல்லை. உங்கள் அப்பச்சிக்கு ஊசியும் இருக்கிறது, பரிசோதனையும் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இரைப்பையில் முக்கால் பாகம் எடுத்தாகிவிட்டது. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வேண்டும் என்கிறார்கள். தை மாதம் கானாடுகாத்தானில் மாமாவின் அறுபதாம் கல்யாணம் வேறு. எப்படிச் சமாளிப்பது?
*ஒரு வாசகி, புதுவயல்*

பதில்: நோன்பை விட வேண்டாம். திரி வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் இழை மாவில் அரிசி மாவு, வெல்லம், நெய். அம்மாவுக்கு மட்டும் சுண்டைக்காய் அளவுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு காத்திருக்கக் கூடாது, முன்னதாகக் கொஞ்சம் பயறோ கெட்டித் தயிரோ உள்ளே போயிருக்கட்டும். மாவை மென்று விழுங்கிவிட்டு, திரி நூலை வாயிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். நூல் செரிக்காது, மிச்சமிருக்கிற இரைப்பையில் சிக்கிக் கட்டியாகச் சேரலாம். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், ஆரஞ்சுத் தோடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எடுத்த இழை எடுத்ததுதான், பிள்ளையாருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தட்டில் இருக்கிற மற்ற இனிப்புகளுக்கு மட்டும் அன்றைக்குக் கை போக வேண்டாம்.

கல்யாண வீடுதான் எனக்குக் கவலை. நம் ஊர்ப் பந்தியில் வேண்டாம் என்கிற சொல் யார் காதிலும் ஏறாது. இலையை மூடினாலும் கையை விலக்கிவிட்டுப் பால் பணியாரத்தை வைப்பார்கள். அன்பில் செய்வதுதான், ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அம்மா மண்டபத்துப் பின்கட்டில் வேர்த்துப் படுத்திருந்தால் அந்த அன்புக்கு என்ன அர்த்தம்? காலையில் வீட்டிலேயே வழக்கமானதைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். நீங்கள் அம்மா பக்கத்து இலையில் உட்காருங்கள். பரிமாறுகிற தலைமைச் சமையல்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கூட்டு, பருப்பு, கொஞ்சம் சோறு, ஒரு வடையில் பாதி போதும். பாயசமும் அல்வாவும் வேண்டாம். இலைக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணீரை நகர்த்திவிடுங்கள். சாய்ந்துகொள்ள ஓர் அறையை மாமா வீட்டில் கேட்டு வாங்குங்கள், இதைக் கேட்க வெட்கமே வேண்டாம்.

பந்தி விசாரிக்கிற ஆச்சிமார்களையும் அண்ணன்மார்களையும் கையெடுத்துக் கேட்கிறேன்: ஒருவர் போதும் என்றால், ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன். மலம் கறுப்பாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?
*ஒரு வாசகர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்*

பதில்: இரும்பு மாத்திரையால் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ, வழக்கம்போல உருவமாகப் போகும். அதற்குப் பயம் வேண்டாம். தார் போலப் பிசுபிசுத்து, தாங்க முடியாத வீச்சத்தோடு போனால், தலைசுற்றல் இல்லாவிட்டாலும் அது ரத்தமாக இருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த வாந்தி, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, காற்றுக்கூடப் பிரியாமல் வயிறு உப்பி வலிப்பது, விழுங்கியது நெஞ்சில் நிற்பது, கண் மஞ்சளிப்பது, காய்ச்சலோடு வயிற்றுவலி ஆகியவற்றுக்கும் இதே அவசரம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். இரைப்பையில் எவ்வளவு எடுத்தார்கள், குடலை எப்படி இணைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும், புதிதாகப் பார்க்கிற டாக்டர் முதலில் கேட்பதும் அதைத்தான்.