ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூசலாமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்து, இரவெல்லாம் சொறிகிறாள். எக்சிமா என்று சொன்ன மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக்கொடுத்தார். தோல் மெலிந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துவதால், இரண்டு நாள் லேசாகத் தடவிவிட்டு நிறுத்திவிடுகிறேன். ஒரே வாரத்தில் மீண்டும் வந்துவிடுகிறது. பாலையும் முட்டையையும் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் பயம் புரிகிறது, ஆனால் நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதற்கு அந்த அரைகுறைப் பூச்சே முக்கியக் காரணமாக இருக்கலாம். எக்சிமா உள்ள குழந்தையின் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளாது. வறண்ட தோல் அரிக்கும், சொறிந்தால் தோல் மேலும் புண்பட்டு அழற்சி கூடும், அழற்சி கூடினால் அரிப்பும் கூடும். இந்தச் சுழற்சியை நிறுத்துவதற்குத்தான் ஸ்டீராய்டு களிம்பு. தோல் மெலிவது பெரும்பாலும் வீரியம் மிகுந்த களிம்பை, தேவையில்லாத இடத்தில், மாதக்கணக்கில் பூசும்போது நேர்வது. மருத்துவர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாள்வரை பூசினால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

அளவுக்கு உங்கள் விரலே போதும். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை குழாயிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குச் சரியாக இருக்கும். எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணைவிட விரல்தான் நன்றாகச் சொல்லும்: மடிப்பைத் தடவிப் பார்க்கும்போது உப்புத்தாள் போலச் சொரசொரத்தால் அழற்சி இன்னும் அடங்கவில்லை. வழவழப்பான பிறகும் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ சில மாதங்கள் தெரியலாம். பெற்றோர் பலர் களிம்பின் மேல் பழி போடுவது இந்த நிறமாற்றத்தைப் பார்த்துத்தான். உண்மையில் அது பெரும்பாலும் அடங்கிப்போன அழற்சி விட்டுச் செல்லும் தடம், நாளடைவில் மங்கிவிடும்.

ஸ்டீராய்டு சில நாள் வேலை, ஈரம் காக்கும் களிம்பு அன்றாட வேலை. தோல் நன்றாக இருக்கும் நாளிலும் அதை விடக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடத்தில் குளிப்பாட்டி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன்னே ரோமம் படிந்திருக்கும் திசையில் பூசுங்கள். உடல் முழுவதும் வறண்ட குழந்தைக்கு வாரம் 250 கிராமாவது செலவாகும்; ஒரு சிறு குழாய் மாதக்கணக்கில் வருகிறதென்றால் பூசுவது போதவில்லை. டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்தால் கிருமி சேராது. இரண்டு களிம்புகளையும் அடுத்தடுத்துப் பூசாமல், இடையே 15 முதல் 30 நிமிட இடைவெளி விடுங்கள்.

பாலையும் முட்டையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு எக்சிமாவின் காரணம் உணவு அன்று. வளரும் வயதில் காரணமின்றி நிறுத்துவதால் சத்துக் குறைவதுடன், புதிதாக ஒவ்வாமை உருவாகவும் இடமுண்டு. குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்போ வாந்தியோ வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதியுங்கள்.

தோலில் மஞ்சள் பொருக்குக் கட்டி நீர் கசிந்தால் கிருமித்தொற்று என்று கொண்டு மருத்துவரைப் பாருங்கள். குத்தியெடுத்தாற்போன்ற சிறு புண்கள் கொத்தாகத் தோன்றி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.