தம்பி தாங்குவானா? (வாசகர் கடிதம்)

வணக்கம் ஐயா,

என் தம்பி ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட். இரண்டு வருடமாகச் சிறப்புப் படை ஒன்றோடு இருக்கிறான். போன மாதம் லீவில் வந்தவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாயங்காலமானால் சில்வர் பீச்சில் போய்த் தனியாக உட்கார்ந்துவிடுவான். அம்மா கேட்டதற்கு, "கூட இருந்தவனுக்கு அடிபட்டது, நான்தான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னான். சின்ன வயதில் ரத்தத்தைக் கண்டாலே மயங்கி விழுந்தவன் அவன். இதற்கு வேண்டிய மனத்திடம் பிறவியிலேயே வருவதா, பழகி வருவதா? அவன் தாங்குவானா?

பெயர் வேண்டாம்,
திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள தங்கைக்கு,

"நான்தான் பார்த்தேன்" என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களிடம் வருகிறவர் முன்பின் தெரியாத நோயாளி. உங்கள் தம்பியிடம் வருகிறவன் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன். அதுவும் இருட்டில், சுடுகிற சத்தம் ஓய்வதற்குள், முதுகில் சுமந்துபோன ஒரு பையை நம்பி அவனைப் பார்க்க வேண்டும்.

பழகித்தான் வரும் என்பேன். அதிலும் கூட இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து பழக வேண்டும்.

அமெரிக்காவின் 75வது ரேஞ்சர் படைப்பிரிவில் இதைச் செய்து காட்டினார்கள். 1990களின் கடைசியில் அதன் தளபதியாக இருந்த ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், குறி பார்த்துச் சுடுவது, உடற்பயிற்சி, சிறு குழுவாகப் போரிடுவது ஆகியவற்றோடு மருத்துவப் பயிற்சியையும் சமமாக வைத்தார். ஆபீசர், சிப்பாய் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 2001 முதல் 2010 வரை போரில் அடிபட்ட ரேஞ்சர்கள் 419 பேர். அதில் இறந்தவர்கள் 32 பேர். களத்தில் இன்னும் கொஞ்சம் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல அந்த 32 பேரில் ஒருவர்கூட இல்லை என்று 2011இல் வந்த ஆய்வு சொன்னது.

தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிஷம்தான். பக்கத்தில் இருப்பவனே ரத்தத்தை நிறுத்தும் பட்டையைக் காயத்துக்கு மேலே கட்டி, அதிலுள்ள குச்சியைத் திருகி இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதிவிட்டால், மருத்துவன் நெஞ்சில் குண்டு பட்டவனிடம் ஓடலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. அப்புறம் ராத்திரி அந்த மருத்துவனுக்குத் தூக்கம் வராதபோது, அந்த ரத்தத்தில் கை வைத்தவர்கள் அவனோடு நான்கு பேர் இருப்பார்கள்.

இதை நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு தரம் கண்ணால் பார்த்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரை கடந்த காலை. பறந்து வந்த தகர ஷீட் எங்கள் தெருக்காரர் ஒருவரின் கையைக் கிழித்துவிட்டது. ரோடு முழுக்க மரம். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. எதிர்வீட்டு நர்ஸ் அக்கா துண்டை மடித்துக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். தோள் மரத்துப்போனதும் என் தம்பியைக் கூப்பிட்டு, "என் கை மேல உன் கையை வை. நான் எடுக்கறேன், நீ விடாதே" என்றார். கடைசியில் கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

அக்கா எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. அவரைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்து, யார் எதைப் பிடித்தோம், எங்கே பயந்தோம் என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். திடமில்லாதவர் என்று அக்காவை யார் சொல்ல முடியும்?

சரி, உங்கள் தம்பி. என்ன நடந்தது என்று துருவிக் கேட்காதீர்கள். பீச்சுக்குக் கிளம்பினால் நீங்களும் கூடப் போங்கள், பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் அவன் யூனிட் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு அவனோடு இருந்தவர்களில் யாராவது பாண்டிப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ லீவில் வந்திருந்தால், ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மீன் குழம்பை வைத்துவிட்டு நீங்களும் அம்மாவும் உள்ளே போய்விடுங்கள்.