பாதியில் நின்ற கணக்கெடுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொரோனா காலத்து அரசுக் கணக்கெடுப்புகளைப் பற்றிய கேள்விகளில் சில இங்கே. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை 21 சதவீதம் அளவில் இருந்ததாக ஓர் அரசு அறிக்கை சொல்கிறது. அந்தக் காலாண்டையும் உள்ளடக்கிய 2019-20 (2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரை) ஆண்டறிக்கையோ 4.8 சதவீதம் என்கிறது. முந்தைய ஆண்டின் 5.8ஐவிடவும் குறைவு. எது பொய்? (வங்கி ஊழியர், கோவை)

இரண்டும் பொய்யல்ல. இரண்டும் ஒரே காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து வந்தவைதான். கேட்ட கேள்விதான் வேறு. காலாண்டு எண், நகரங்களில் மட்டும் "கடந்த ஏழு நாட்களில் வேலை செய்தீர்களா?" என்று கேட்டு எடுத்தது. 4.8 என்பது கிராமங்களையும் சேர்த்து, கடந்த 365 நாட்களை வைத்துக் கணக்கிட்டது. அந்த அளவுகோலில் துணைத்தொழிலாக முப்பது நாள் வேலை பார்த்தவரும் வேலையில் இருப்பவர்தான். வீட்டுக் கடையிலோ வயலிலோ கூலியில்லாமல் உதவியவரும் அப்படியே. ஆலை மூடியதால் ஊர் திரும்பி அப்பாவின் நிலத்தில் இறங்கியவர் இதில் வேலையற்றவர் ஆகமாட்டார். பெருந்தொற்றின் அடியை அறிய வேண்டுமானால் ஏழு நாள் எண்ணைப் பாருங்கள். 4.8ஐக் காட்டி "வேலையின்மை குறைந்தது" என்று மேடையில் பேசுபவரிடம் எந்த அளவுகோல் என்று கேளுங்கள்.

தொழிலாளர் கணக்கெடுப்பைத் தொலைபேசியில் தொடர்ந்தார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வை மட்டும் ஏன் நிறுத்தினார்கள்? (செவிலியர், விழுப்புரம்)

தொழிலாளர் கணக்கெடுப்பிலும் களப்பணி 2020 மார்ச் 18 அன்று நின்றது. ஜூன் மாதம்தான் மீண்டும் தொடங்கியது. ஆனால் அதில் நகரத்து வீடு ஒவ்வொன்றையும் நான்கு முறை அணுகுவார்கள். முதல் முறை நேரில் பார்த்துப் பேசிவிட்டால், அடுத்த மூன்றையும் தொலைபேசியில் முடிக்க வழியுண்டு. பெரும்பாலும் அப்படித்தான் முடித்தார்கள்.

குடும்ப நல ஆய்வில் அது நடக்காது. குழந்தையின் எடையையும் உயரத்தையும் அளக்க வேண்டும், விரல் நுனியில் ரத்தம் எடுக்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இவை போனில் முடியாது என்பது யாருக்கும் தெரியும். பலருக்குத் தோன்றாத காரணம் ஒன்று இருக்கிறது. கணவனின் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் தனிமையில். தனிமை கிடைக்கவில்லையென்றால் அந்தப் பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும் என்பது விதி. ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடக்க, பக்கத்து அறையில் யார் காது கொடுத்து நிற்கிறார் என்று தொலைபேசியில் எப்படித் தெரியும்? இதே ஆய்வின் 2019-21 சுற்றுக் கணக்குப்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம் பேர்தான். மற்றவர்களிடம் பேச வேண்டுமானால் அழைப்பைக் கணவனோ மகனோதான் எடுப்பார். நிறுத்தியதே சரி என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் குடும்ப நல ஆய்வின் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்பும் மறுபகுதி பின்பும் நடந்தது. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தந்திருக்கிறார்கள். ஆய்வேட்டில் அதைப் பயன்படுத்தலாமா? (முனைவர் பட்ட மாணவி, திருச்சி)

எந்த எண் என்பதைப் பொறுத்தது. இங்கே களப்பணி 2020 ஜனவரி 6 முதல் மார்ச் 21 வரையிலும், பிறகு டிசம்பர் 21 முதல் 2021 மார்ச் 31 வரையிலும் நடந்தது. மருத்துவமனைப் பிரசவம் என்றால் கவலை வேண்டாம். ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுப் பிரசவங்களைச் சேர்த்து எடுப்பதால் சில மாதக் குழப்பம் அதில் கரைந்துவிடும். ஊரடங்கின் பாதிப்பை அதில் தேடினால் கிடைக்காது என்பதும் இதே காரணத்தால்தான்.

தடுப்பூசி அப்படியல்ல. 12 முதல் 23 மாதக் குழந்தைகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் பார்த்த குழந்தைகள் எல்லோருக்கும் ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசிக்கான நாள் கொரோனாவுக்கு முன்பே வந்துபோயிருக்கும். 2019 ஜூலையில் பிறந்து, 2021 பிப்ரவரியில் கணக்கில் வந்த குழந்தைக்கோ ஒன்பது மாதம் நிறைந்தது 2020 ஏப்ரலில், முழு ஊரடங்கின் நடுவே. இந்த இரண்டு குழந்தைகளையும் ஒரே சராசரியில் அடைப்பது நியாயமில்லை. தனிநபர் தரவுக் கோப்பில் நேர்காணல் தேதி இருக்கிறது, பிரித்துப் பாருங்கள். பிரித்த பிறகு வித்தியாசம் தெரிந்தால் உடனே கொரோனாவின் மேல் பழி போட்டுவிட வேண்டாம். முதல் கட்டத்தில் முடிந்த மாவட்டங்கள் எவை, இரண்டாம் கட்டத்தில் முடிந்தவை எவை என்று பாருங்கள். வித்தியாசம் மாவட்டங்களுக்கு இடையிலானதாகவும் இருக்கலாம். நல்லவேளையாக இரண்டு கட்டங்களும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் விழுந்தன. இல்லையென்றால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு எண்ணிக்கையில் மழைக்கால வித்தியாசமும் வந்து சேர்ந்திருக்கும்.

அமெரிக்காவில் நெருக்கடிக்கு ஏற்ப கேள்விகளை மாற்றிக்கொண்டே இருந்தார்களாமே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

அதற்கென்றே 2020 ஏப்ரலில் இணையவழிக் கணக்கெடுப்பு ஒன்றைத் தனியாகத் தொடங்கினார்கள். 2021 ஜனவரியில் அதில் தடுப்பூசிக் கேள்விகள் சேர்ந்தன. வேகம் கிடைத்தது; ஆனால் அழைப்பு அனுப்பிய வீடுகளில் மிகச் சிறு பங்கே பதில் தந்தது. அங்கே மாதந்தோறும் நடக்கும் பழைய வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் இருந்த கேள்விகளைத் தொடவில்லை. 2020 மே மாதம் ஐந்து கேள்விகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். தற்காலிகமாக வேலையிழந்த பலர் அதில் "வேலையில் இருக்கிறார், விடுப்பில் போயிருக்கிறார்" என்று தவறாகப் பதிவானார்கள். ஏப்ரல் மாத வேலையின்மை 14.7 சதவீதம் என்று அறிவித்தபோதே, இந்தப் பிழை இல்லாவிட்டால் ஏறக்குறைய ஐந்து சதவீதப் புள்ளி கூடியிருக்கும் என்றும் அரசே எழுதிவைத்தது. எண்ணைத் திருத்தவில்லை. நம் அறிக்கைகளிலும் இப்படி ஒரு பத்தியைப் பார்க்க எனக்கு ஆசை.

எங்கள் வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வார்களா? (இல்லத்தரசி, தேனி)

மாட்டார்கள். குடும்ப நல ஆய்வில் ஒரு வீட்டுக்குப் பதில் இன்னொரு வீட்டை எடுக்க அனுமதி கிடையாது. திரும்பத் திரும்ப வருவார்கள்; அப்போதும் ஆள் இல்லையென்றால், பதில் கிடைக்காத வீடு என்று குறித்துக்கொள்வார்கள்.