காட்பாடியில் மாணவர்கள் அடுக்குமாடி வீடு எடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வாடகையைப் பேசும் முன் தண்ணீரைப் பாருங்கள். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், புறநகர்க் குடியிருப்புகள் பல ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கின்றன. அதில் கிடைப்பது பெரும்பாலும் கடினநீர், அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த நீர். தேயிலை ஊற ஊறச் சாறு இறங்குவதுபோல, பாறை இடுக்கில் நீர் தங்கத் தங்க உப்பு இறங்குகிறது.

குளியலறைக் குழாயின் வாயை விரலால் தடவுங்கள். வெள்ளைப் பொருக்கு நெருநெருவென்று தட்டுப்பட்டால் சோப்பு சரியாக நுரைக்காது, ஹீட்டரும் சீக்கிரம் பழுதாகும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்; வாய்ப்பேச்சை நம்பிப் பெற்றோர் பணத்தை இழக்காதீர்கள்.

‘ஆர்.ஓ. இருக்கிறதே, போதும்’ என்று பலர் நினைக்கிறார்கள். சமையலறையில் மாட்டிய அந்தக் கருவி குடிநீரை மட்டுமே சுத்திகரிக்கும், குளிக்கும் நீர் அப்படியேதான் வரும்.