ஹூப்ரிஸ் என்றால் ஆணவமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கத் துன்பியல் நாடகங்களை ஆங்கிலம் வழியாக வாசித்துவருகிறேன். 'ஹூப்ரிஸ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. தெய்வங்களை மதிக்காத நாயகனின் அகந்தை என்று அடிக்குறிப்பு சொல்கிறது. தமிழில் ஆணவம் என்றே எழுதிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

வேண்டாம். ஆணவம் உள்ளுக்குள்ளேயே இருந்துவிடக்கூடியது. சைவ சித்தாந்தம் அதை உயிரைப் பற்றிக்கொண்ட மலம், அதாவது அழுக்கு, என்றே சொல்கிறது. ஹூப்ரிஸுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும், அவன் அவமானப்படவேண்டும்.

ஏதென்ஸில் அது வழக்குமன்றச் சொல். பேச்சாளர் டெமாஸ்தனிஸ் எழுதிக்கொடுத்த ஒரு வாதுரையில் அரிஸ்டன் என்ற இளைஞன் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறான். மாலையில் சந்தைவெளியில் உலவியவன்மீது கோனோனும் கூட்டாளிகளும் பாய்கிறார்கள். மேலாடையை உருவிச் சேற்றில் தள்ளி மிதிக்கிறார்கள். உதடு கிழிகிறது, கண்கள் வீங்கி மூடிக்கொள்கின்றன. பிறகு கோனோன் சண்டையில் ஜெயித்த சேவல்போலக் கூவுகிறான். முழங்கைகளை இறக்கையாக்கி விலாவில் அடித்துக்கொள்ளச் சொல்லி மற்றவர்கள் ஏற்றிவிடுகிறார்கள்!

அரிஸ்டன் தொடுத்தது வெறும் அடிதடி வழக்குதான். ஆனால் இது ஹூப்ரிஸ் என்று நடுவர்களுக்குப் புரியவைக்க அவன் எடுத்துச்சொல்வது அந்தக் கூவலை. அரிஸ்டாட்டிலின் விளக்கமும் அதுவே: லாபத்துக்காகவோ பழிக்குப் பழியாகவோ அல்லாமல், பிறரைச் சிறுமைப்படுத்தும் இன்பத்துக்காகவே செய்வது. அடிமைக்கு இழைத்தாலும் அது குற்றம் என்றது ஏதென்ஸ் சட்டம். நம் சட்டமொழியில் இதற்கு மிக அருகில் வருவது வன்கொடுமை.

நாடகத்துக்கு அது ஒத்துவராது. அங்கே நான் 'கொழுப்பு' என்று எழுதுவேன். பேச்சுவழக்கென்று தயங்காதீர்கள். அறிவு சரியில்லாதவனிடம் செல்வம் சேர்ந்தால் அந்தத் திகட்டலிலிருந்து ஹூப்ரிஸ் பிறக்கும் என்று ஏதென்ஸின் சட்டமியற்றியவரும் கவிஞருமான சோலோன் பாடியிருக்கிறார். மதமதவென்று இலைவிட்டுக் காய்க்காமல் நிற்கும் மரத்துக்கும் இதே சொல்தான். அப்படிப்பட்ட வாதுமை மரத்தில் இரும்பு முளை அறைவதை, ஹூப்ரிஸ் செய்யும் மரத்தைத் 'தண்டிப்பது' என்று சிலர் சொல்வதாகத் தாவரங்களைப் பற்றி எழுதிய அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் குறிப்பிடுகிறார். நம் ஊரிலும் காய்க்காத மரத்தில் ஆணி அடிப்பவர்கள் உண்டு.

எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' (கி.மு. 472) நாடகத்தில் இறந்துபோன பாரசீக மன்னன் தாரியஸின் ஆவி சொல்வதைப் பாருங்கள்: ஹூப்ரிஸ் பூத்தது, கேடு கதிராக விளைந்தது, அறுத்ததெல்லாம் கண்ணீர். இங்கே ஆணவம் என்று போட்டால் பயிரே காணாமல்போய்விடும்.