அரிசியாக எண்ணப்பட்ட கடன்

கடனுக்குக் கொடுத்தால் சிலர் ஏன் நேர்மையாகத் திருப்புகிறார்கள், சிலர் ஏன் திருப்புவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுத்த கடன் ஒன்று வராத வேதனையில்தான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, மின்தையல் இயந்திரத்தில் சட்டை தைத்துப் பிழைத்த அக்கா ஒருவரின் வருமானம் நின்றுபோனது. அயற்கடைகள் கடன் கொப்பியில் எழுதிச் சாமான் கொடுப்பதை நிறுத்தியிருந்தன; நாளை என்ன விலைக்குச் சரக்கு வரும் என்பதே தெரியாத அந்நாட்களில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் மூன்று மாதங்கள் அவருக்கு அரிசியும் பருப்பும் எழுதிக் கொடுத்தேன். இதைப் பெருந்தன்மை என்று சொல்ல வரவில்லை; பல வருடங்களாக மாத முடிவில் கணக்குத் தீர்த்தவர் என்பதை அறிந்தே கொடுத்தேன்.

செப்டெம்பரில் பணத்துடன் வந்தார். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்ட மாதம் அது. கொப்பியிலிருந்த தொகையைச் சொன்னேன். "தம்பி, நான் கொண்டுபோனது காசில்லை, அரிசி. இண்டைக்கு அரிசி என்ன விலையோ அதைப் போடுங்கோ" என்றார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. கடைசியில் நான் அன்று கொள்வனவு செய்த பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டி, இலாபம் சேர்க்காமல் அந்த விலையிலேயே கணக்கைத் தீர்த்தோம்.

ஒரு கடையின் கதையை விதியாக்குகிறாய் என்று சிலர் சொல்லலாம். என் கொப்பியிலும் திரும்பாத கணக்குகள் உண்டு. ஆனால் 1995 இல் அமெரிக்காவில் பேர்க், டிக்ஹோட், மெக்கேப் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட பரிசோதனையையும் பாருங்கள். ஒருவர் தன்னிடமுள்ள 10 டொலரில் விரும்பியதை முகமறியாத ஒருவருக்கு அனுப்பலாம். அது மும்மடங்காகிச் சேரும். பெற்றவர் ஒரு சதம்கூடத் திருப்பத் தேவையில்லை. அப்படியிருந்தும் 32 பேரில் 30 பேர் ஏதோவொரு தொகையை அனுப்பினார்கள். திரும்பி வந்த சராசரித் தொகை அனுப்பியதைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. பின்னர் மெக்கேப்பும் பொருளியலாளர் வேர்னன் சிமித் உள்ளிட்டோரும் செய்த இன்னொரு பரிசோதனையில், வேறு வழியின்றி நம்பியவருக்குத் திருப்பியவர்களைவிட, மறுக்கக்கூடிய நிலையிலிருந்தும் தானாக நம்பியவருக்குத் திருப்பியவர்களே கூடுதலாக இருந்தார்கள். நான் மறுத்திருக்கலாம் என்பது அந்த அக்காவுக்கும் தெரியும்.

அதே வருடம் புறக்கோட்டையில் எனக்குப் பல வருடங்களாக முப்பது நாள் தவணையில் சரக்குத் தந்த மொத்த வியாபாரி, கைக்காசு இல்லாமல் மூட்டை இறங்காது என்று கல்லாவிலிருந்த பையனைக் கொண்டு சொல்லியனுப்பினார். டொலர் இல்லாத காலத்தில் அவருக்கும் நெருக்கடிதான். அதை நான் ஏற்கிறேன். உள்ளறையில் இருந்தவர் எழுந்துவந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது மறுபடியும் தவணை தருவதாகச் சொல்கிறார். நான் இன்னும் கைக்காசுக்கே வாங்குகிறேன்.